எட்டு மாதம் கோப்புக்குள் கிடந்த ரிப்போர்ட்: ஒரு நிகழ்வு ஆய்வு

இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் எனக்கு ஒரு சின்ன கொமினிகேஷன் கடை இருக்கிறது. போட்டோக்கொப்பி, டைப்பிங், ஒன்லைன் விண்ணப்பம் இவற்றோடு கடிதம் எழுதிக் கொடுக்கிற வேலையும் நிறைய வரும். ஈபிஎஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதிக் காசு வரவில்லை, பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழை, வீட்டுக்குக் கரண்ட் மீட்டர் வேண்டும் என்று தேயிலைத் தோட்டங்களில் இருந்து வருகிறவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவேன். ஆஸ்பத்திரியில் இருந்து ஒருவரின் மருத்துவ ஆவணத்தை எடுப்பதற்காக முதன்முதலில் எழுதியது என் சொந்தப் பெரியம்மாவுக்காக. 2023 நவம்பரில் தொடங்கி 2024 ஜனவரியில் முடிந்தது. அதில் நான் விட்ட பிழை ஒன்று உண்டு, அலுவலகம் விட்ட பிழைகளும் உண்டு. எல்லாவற்றையும் எழுதி வைத்தால் இன்னொருவருக்கு அந்த இரண்டு மாதம் மிஞ்சும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எழுதலாமா என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "பேரு போடாத. மத்ததெல்லாம் எழுது புள்ள" என்றார். ஆஸ்பத்திரியின் பெயரையும் விட்டுவிட்டேன்.

கார்டின் கடைசி வரி

பெரியம்மாவுக்கு அப்போது வயது 54. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். கழுத்தின் வலது பக்கத்தில் பல வருடமாக ஒரு கழலை இருந்தது. வலிக்காததால் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. சோறு விழுங்கும்போது தொண்டையில் இடறத் தொடங்கிய பிறகுதான் தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். 2023 மார்ச்சில் தைரொய்ட் சுரப்பியின் வலது பாதியை எடுத்தார்கள். ஒபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நாலாம் நாள் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

டிக்கட் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வார்டில் சேர்த்தவுடன் நோயாளியின் பெயரில் திறக்கிற கோப்புக்கு இலங்கை ஆஸ்பத்திரிகளில் பெட் ஹெட் டிக்கட் என்று பெயர். டொக்டர் எழுதுவது, நர்ஸ் எழுதுவது, இரத்தச் சோதனை, ஒபரேஷன் குறிப்பு, கொடுத்த மருந்து எல்லாம் அதில்தான் சேரும். வார்டில் இருக்கிற வரைக்கும் அது கட்டிலோடு இருக்கும். பெரியம்மாவைப் பார்க்கப் போன நாளெல்லாம் அது தலைமாட்டில் தொங்கியதைப் பார்த்திருக்கிறேன். எக்ஸ்ரே எடுக்கக் கூப்பிட்டபோது அவரே அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். டிக்கட் வெட்டியதும் அந்தக் கோப்பு ரெக்கோர்ட் ரூமுக்குப் போய்விடும். நோயாளியின் கைக்கு வருவது டயக்னோசிஸ் கார்ட் என்கிற அட்டை மட்டும். நாலு நாள் கையில் தூக்கித் திரிந்ததை ஐந்தாம் நாள் கேட்டால், அது உங்களுக்குக் காட்டக்கூடாதது என்கிறார்கள்.

அந்தக் கார்டின் கடைசி வரியில், அவசரமான ஆங்கிலக் கையெழுத்தில், பயொப்சி ரிப்போர்ட் இன்னும் வரவில்லை, ஆறு வாரத்தில் கிளினிக் வரவும் என்று எழுதியிருந்தது. வார்டில் அதைச் சிங்களத்தில் சொல்லியிருக்கிறார்கள். பெரியம்மாவுக்கு விளங்கியது ஆறு வாரத்தில் காயத்தைக் காட்ட வர வேண்டும் என்பது. வெட்டியெடுத்த சதையை ஓர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள், அங்கிருந்து ஒரு பதில் வரும், அந்தப் பதிலைப் பார்த்துத்தான் இனி என்ன செய்வது என்று முடிவெடுப்பார்கள் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

ஆறு வாரத்தில் போனார். ரிப்போர்ட் வரவில்லை, அடுத்த மாதம் வாருங்கள் என்றார்கள். அடுத்த மாதம் போனார். அன்று ஒபரேஷன் செய்த டொக்டர் லீவு, இன்னொரு நாள் வாருங்கள் என்றார்கள். மூன்றாம் தடவை அவர் போகவில்லை.

ஏன் போகவில்லை என்று கேட்கிறவர்களுக்குத் தோட்டத்துக் கணக்கைச் சொல்கிறேன். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்துக்குப் போய் மலையில் இறங்கினால்தான் பேர் விழும். பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை. அப்போது ஒரு பேருக்கு 1000 ரூபா, அதுவும் எடை குறைந்தால் அரைப் பேர். கிளினிக் போகிற நாளில் அந்த 1000 போகும், அதோடு போக வர பஸ் காசு, வெளியில் ஒரு வேளைச் சாப்பாடு. காயம் ஆறிவிட்டது, விழுங்கவும் முடிகிறது. அந்த நிலையில் மூன்றாவது பேரையும் விட்டுவிட்டு, வந்ததா வராததா என்று தெரியாத காகிதத்துக்காக யார் போவார்கள்? நானாக இருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

அக்டோபரில் வலது காதுக்குக் கீழே கழுத்தில் ஒரு சின்னக் கட்டி தட்டுப்பட்டது. இந்த முறை கண்டியில் ஒரு கிளினிக்குக்கு அனுப்பினார்கள். ஊசி குத்தி எடுத்த சோதனையில் தெளிவாக ஒன்றும் வரவில்லை. அங்கிருந்த டொக்டர் தமிழ் பேசுகிறவர். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, மார்ச்ல எடுத்த சதையோட ரிப்போர்ட் எங்க? அதப் பாக்காம நான் அடுத்ததச் சொல்ல ஏலாது" என்றார். பெரியம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் கார்டைப் பார்த்தேன். அந்தக் கடைசி வரியை அன்றைக்குத்தான் நான் முழுதாக வாசித்தேன்.

கதவுக்குக் கதவு

ஒபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கு மறுவாரமே போனோம். வார்டில் கேட்டோம். டிக்கட் இங்கே இல்லை, கிளினிக்கில் கேளுங்கள் என்றார்கள். கிளினிக்கில், ரெக்கோர்ட் ரூமில் கேளுங்கள் என்றார்கள். ரெக்கோர்ட் ரூமில் டொக்டரின் கடிதம் கேட்டார்கள். கண்டி டொக்டரிடம் ஒரு துண்டு எழுதி வாங்கிக்கொண்டு இன்னொரு நாள் போனோம். அது வேறு ஆஸ்பத்திரியின் துண்டு, இங்கத்தைய டொக்டர் எழுத வேண்டும் என்றார்கள். மேலே அலுவலகத்துக்குப் போனால், டிக்கட்டை நோயாளிக்குக் கொடுக்கிற வழக்கமே இல்லை, கோர்ட் ஓர்டர் இருந்தால் மட்டும் என்றார் ஒருவர்.

யாரும் எங்களை ஏசவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ரெக்கோர்ட் ரூமில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவருக்குப் பின்னால் கூரை வரைக்கும் கட்டுக் கட்டாக டிக்கட். சணல் கயிற்றால் மாதவாரியாகக் கட்டி, மேலே மாதத்தை மார்க்கரால் எழுதியிருந்தார்கள். மார்ச் 2023 என்ற கட்டு என் கண்ணுக்கே தெரிந்தது. கையை நீட்டினால் எட்டாது, ஆனாலும் பத்தடி தூரம்தான். அங்கே நின்றபோது வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் போகவில்லை.

என் பிழை

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும். வீதி, தண்ணீர், வீட்டுத் திட்டம் சம்பந்தமாக அதன் கீழ் சிலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். 2015 இல் வந்த 19 ஆம் திருத்தத்தால் அரசியலமைப்பில் 14அ என்ற உறுப்புரை சேர்ந்து, தகவல் பெறுவது அடிப்படை உரிமையானது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரி 3 இல் நடைமுறைக்கு வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரி, மத்திய அரசின் கீழ் இருந்தாலும் மாகாண சபையின் கீழ் இருந்தாலும், இந்தச் சட்டத்துக்குள் வரும்.

உரிமை பிரஜைகளுக்கு என்று அந்தச் சட்டம் சொல்கிறது. மற்றவர்கள் சும்மா கடந்து போகிற அந்தச் சொல்லில் எங்கள் ஆட்களுக்குக் கண் நிற்கும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. மிச்சம் இருந்தவர்களுக்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால்தான் அது தீர்ந்தது. பெரியம்மாவின் அப்பா கையில் எந்த நாட்டின் காகிதமும் இல்லாமலே செத்தார். விண்ணப்பத்தில் பிரஜையா என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2023 நவம்பர் 6, தீபாவளிக்கு முந்தின திங்கட்கிழமை, ஆஸ்பத்திரியின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் கொடுத்தேன். "எனது பெரியம்மாவின் மருத்துவ ஆவணங்கள் அனைத்தும் தேவை" என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டு நானே ஒப்பம் வைத்தேன். அவருக்குப் பேர் போகாமல் இருக்கட்டும் என்று நினைத்துச் செய்தது.

நவம்பர் 22 திகதியிட்டு மறுப்பு வந்தது. தமிழில் கொடுத்த விண்ணப்பத்துக்குச் சிங்களத்தில் பதில். சட்டத்தின் 5 ஆம் பிரிவில் மருத்துவ ஆவணங்கள் பற்றிய பந்தியைக் காட்டி, தர இயலாது என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பந்தியைத் தேடி எடுத்து இரண்டு மூன்று தரம் வாசித்தேன். ஒருவரின் மருத்துவ ஆவணம் சம்பந்தப்பட்ட தகவலை, அவர் எழுத்தில் சம்மதித்தால் ஒழிய, கொடுக்க மறுக்கலாம் என்பதுதான் அது. அதாவது அந்த மறுப்பு நியாயமானது. பெரியம்மாவின் ஆவணத்தைக் கேட்டது நான். நான் யார்?

அந்தப் பந்தி இருக்கத்தான் வேண்டும். தோட்டத்தில் ஒருவருக்கு என்ன நோய் என்பது அன்றைக்கே தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் பேச்சாகும். கர்ப்பம் கலைந்தது, மனநல கிளினிக் போவது, பிள்ளை இல்லாததற்குச் செய்த சோதனை, இதெல்லாம் மாமியாருக்கும் கங்காணிக்கும் தெரிந்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கையே மாறிப்போகும். பாசத்தில் கேட்கிற மகளுக்கும் வம்புக்குக் கேட்கிறவனுக்கும் அலுவலரால் வித்தியாசம் காண முடியாது. அதனால் பூட்டு சரி. சாவி நோயாளியின் சம்மதம், அதை நான் கொண்டுபோகவில்லை.

பெரியம்மாவின் பெயரில்

நவம்பர் 29, புதன்கிழமை. பெரியம்மா ஒரு பேரை விட்டுவிட்டு கடைக்கு வந்தார். இந்த முறை விண்ணப்பம் முழுக்க அவர் குரலில். நான் வாசிக்க வாசிக்க அவர் தலையாட்ட, ஒவ்வொரு வரியாக எழுதினோம். எல்லா ஆவணமும் என்று கேட்காமல் மூன்றைக் குறிப்பிட்டோம்: மார்ச் மாத ஒபரேஷன் குறிப்பு, பயொப்சி ரிப்போர்ட், டிக்கட்டின் ஏனைய பக்கங்களின் பிரதி. டயக்னோசிஸ் கார்டின் மேல் மூலையில் இருந்த டிக்கட் இலக்கத்தையும், சேர்த்த திகதியையும், வார்ட் இலக்கத்தையும் எழுதினோம். கடைசியில் தனிப் பந்தியாக இப்படி:

"இந்த ஆவணங்கள் என்னைப் பற்றியவை. இவற்றின் பிரதிகளை எனக்கே வழங்குவதற்கு நான் எழுத்தில் சம்மதிக்கிறேன்."

பெரியம்மா ஒப்பம் வைக்கிறதைப் பார்க்க வேண்டும். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்து, நகக்கண்ணில் வெடிப்பு விழுந்த விரல்கள். பேனாவைக் கொழுந்து கிள்ளுகிற மாதிரி இரண்டு விரலால் பிடிப்பார். பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு எழுதினார். எழுதி முடித்து, "இம்புட்டுத்தானா? எனக்கு நானே சம்மதிக்கணுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானதுதான். தன் ஆவணத்தைத் தானே கேட்கிறவர் கேட்கும்போதே சம்மதித்துவிட்டார். ஆனால் எழுதியிருந்தால் மறுப்பதற்குச் சாக்கு ஒன்று குறையும் என்று சொன்னேன்.

நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான சீட்டை வாங்கினோம். அந்தச் சீட்டை உடனே எழுத்தில் கொடுப்பது தகவல் அலுவலரின் கடமை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்டார். காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டத்திலேயே இருக்கிறது, ஆனாலும் பெரியம்மா சொன்னார்: "எனக்கு என்னா சீக்குன்னு எனக்குத் தெரியணுமில்லீங்களா."

பதினான்கு வேலை நாளுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். டிசம்பர் 14 திகதியிட்ட கடிதம் 19 ஆம் திகதி கைக்கு வந்தது. மறுபடியும் மறுப்பு. மறுபடியும் அதே பந்தி, இந்த முறை "சம்மதித்தால் ஒழிய" என்ற பாதியை விட்டுவிட்டு முதல் பாதி மட்டும். கூடவே புதிதாக ஒரு காரணமும் இருந்தது. டிக்கட்டில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் பொருந்தவில்லை.

முதல் காரணத்தைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையில் மனம் கசந்தது. மூன்றாம் ஆளிடம் இருந்து நோயாளியைக் காப்பாற்றுவதற்காக எழுதிய பந்தி அது. அதையே நோயாளிக்கு எதிராகத் திருப்பி, அவரையே மூன்றாம் ஆளாக்கி வெளியே நிறுத்தியிருந்தார்கள்.

இரண்டாவது காரணம் மலையகத்தில் புதிதில்லை. லெட்சுமி என்ற ஒரே பெயரை லட்சுமி, லெச்சுமி, லெச்சமி என்று பிறப்புப் பதிவில் ஒரு மாதிரி, தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் ஒரு மாதிரி, ஈபிஎஃப்பில் இன்னொரு மாதிரி எழுதி வைத்திருப்பார்கள். வார்டில் சேர்க்கிறவர் காதில் விழுந்ததைச் சிங்கள உச்சரிப்பில் ஆங்கிலத்தில் எழுதுவார். பெரியம்மாவின் அடையாள அட்டையில் முன்னால் இருப்பது அப்பா பெயர், டிக்கட்டில் முன்னால் இருந்தது பெரியப்பாவின் பெயர். ஓய்வுக் காலத்தில் ஈபிஎஃப் எடுக்கப் போய் இதே காரணத்தால் மாதக்கணக்கில் அலைந்தவர்களுக்கு நானே கடிதம் எழுதியிருக்கிறேன். சமாதான நீதவான் ஒருவரிடம் போய், இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று சத்தியக்கடதாசி முடித்தோம்.

மேன்முறையீடு

மறுப்பு கிடைத்து 14 நாளுக்குள், மேன்முறையீட்டைப் பார்ப்பதற்கென்று அதே நிறுவனத்தில் இருக்கிற குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அவர் மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அங்கேயும் மறுத்தால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம். அதற்கும் மேலே மேன்முறையீட்டு நீதிமன்றம் இருக்கிறது. எங்களுக்கு முதல் படியே போதுமாக இருந்தது.

டிசம்பர் 21 அன்று பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒன்றரைப் பக்கம்தான். 5 ஆம் பிரிவின் அந்தப் பந்தியை முழுதாக எழுதி, விடுபட்ட பாதிக்குக் கீழே கோடு போட்டேன். சம்மதம் எழுதிய பக்கத்தின் பிரதி, சத்தியக்கடதாசி, கார்டின் பிரதி, கண்டி டொக்டரின் துண்டு எல்லாம் இணைத்தேன். கோப்பின் அசல் வேண்டாம், பிரதி போதும் என்று தனியாக ஒரு வரி எழுதினேன். காகிதம் ஆஸ்பத்திரியுடையது, அதில் யாருக்கும் சண்டை இல்லை, அதில் எழுதியிருக்கிற செய்திதான் பெரியம்மாவுடையது.

ஒன்றை அப்போது எழுதாமல் விட்டேன், இன்றும் அது மனதில் இடிக்கிறது. கேட்கிறவரின் உயிரும் தனிப்பட்ட சுதந்திரமும் சம்பந்தப்பட்ட தகவலென்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும் என்று 25 ஆம் பிரிவில் இருக்கிறது. கழுத்தில் புதுக் கட்டி, ரிப்போர்ட் இல்லாமல் வைத்தியம் நிற்கிறது, இதைவிட உயிர் சம்பந்தப்பட்டது என்ன? அந்த நியாயத்தை அவர்கள் ஏற்றிருப்பார்களோ என்னவோ, நவம்பர் 29 இன் கடிதத்திலேயே முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும்.

ஜனவரி 5, வெள்ளிக்கிழமை, கடைக்குப் போன் வந்தது. திங்கட்கிழமை அடையாள அட்டையோடு வந்து பிரதிகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

ஜனவரி 8

அதே ரெக்கோர்ட் ரூம், அதே ஆள். டிக்கட் இலக்கத்தைச் சொன்னதும் ஏணியில் ஏறி மார்ச் கட்டை இறக்கி, கயிற்றை அவிழ்த்து, இருபது நிமிடத்துக்குள் எடுத்துவிட்டார். உண்மையைச் சொன்னால் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. மேலிடத்தின் கடிதம் கையில் இருக்கிறது, இனி அவர் தலையில் எதுவும் விழாது. மொத்தம் 31 பக்கம். முதல் நாலு பக்கம் இலவசம், மிச்சத்துக்குப் பக்கம் இரண்டு ரூபா. 54 ரூபா கட்டி ரசீது வாங்கினோம். எங்கள் இருவரின் பஸ் காசு அதைவிடக் கூட.

பயொப்சி ரிப்போர்ட் கடைசிப் பக்கத்தோடு பின் குத்தியிருந்தது. மற்றப் பக்கங்களின் ஓரமெல்லாம் கசங்கியிருக்க, இது மட்டும் புதிசாக இருந்தது. பின் துருப்பிடித்து, அந்தத் துரு பிரதியிலும் கறுப்புப் புள்ளியாக விழுந்திருக்கிறது. திகதி 2023 மே. பெரியம்மா இரண்டாம் தடவை கிளினிக் போய் வந்த பிறகு வந்து, அப்படியே கோப்புக்குள் போயிருக்கிறது. டொக்டர் பார்த்ததற்கான ஒப்பம் அதில் இல்லை.

ஆங்கிலத்தில் முடிவு என்ற இடத்தில் பப்பிலரி கார்சினோமா என்று இருந்தது. கார்சினோமா என்ற சொல்லுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். வாசலில் இருந்த வாங்கில் உட்கார்ந்து பெரியம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மே மாசம் நான் ரெண்டாம் நம்பர் மலையில நின்னேன். வெட்டுக்குப் போன மல" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பிரதிகளை சொப்பிங் பேக்கில் போட்டு, மடித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

தைரொய்டில் வருகிற புற்றுகளில் இந்த வகைதான் அதிகம். பெரும்பாலும் மெதுவாக வளரும், நல்லபடியாகக் குணப்படுத்தலாம் என்று கண்டி டொக்டர் விளக்கினார். அடுத்த மாதமே மற்றப் பாதிச் சுரப்பியையும் கழுத்தில் இருந்த கட்டியையும் எடுத்தார்கள், பிறகு கதிரியக்க அயடீன் மருந்தும் கொடுத்தார்கள். இப்போது ஒவ்வொரு நாளும் காலையில் வெறும் வயிற்றில் தைரொக்சின் குளிசை. அதற்குப் பிறகு குறைந்தது அரை மணித்தியாலம் தேத்தண்ணி கூடாது. எழும்பினவுடன் பிளேன் டீ இல்லாமல் இருக்கப் பழகியதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம் என்கிறார். எட்டு மாதத் தாமதம் அவருக்கு என்ன செய்தது என்று டொக்டரிடம் கேட்டேன். முன்னமே தெரிந்திருந்தால் முன்னமே செய்திருப்போம் என்று மட்டும் சொன்னார்.

எங்கே இடறியது

சட்டத்தில் வழி இருந்தும் ஏன் இத்தனை நாள் ஆனது என்று பல தடவை யோசித்திருக்கிறேன். கெட்ட எண்ணம் என்று எனக்குத் தோன்றவில்லை. டிக்கட் வெளியே போனால் வழக்கு வரும் என்ற பயம் இருக்கிறது. நோயாளி பாதி விளங்கி, பயந்துபோவார் என்ற எண்ணமும் இருக்கிறது. இரண்டாவதைச் சொல்கிற டொக்டர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் விளங்காது என்றால் விளக்குவதுதான் முறை. பெரியம்மாவுக்குப் பயத்தைக் கொடுத்தது ரிப்போர்ட் இல்லை. அக்டோபரில் இருந்து ஜனவரி வரைக்கும் ஒன்றும் தெரியாமல் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே கிடந்த இரவுகள்தான்.

டவுனில் காசு கொடுத்துத் தனியார் லேபில் இரத்தம் சோதித்தால் பின்னேரமே ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கிறார்கள். அதே மனிதர் இலவச ஆஸ்பத்திரியில் செய்த சோதனையின் ரிப்போர்ட் உள்ளே போய்விடுகிறது. இலவசமாகக் கிடைத்த வைத்தியத்தின் மேல் நமக்கு நன்றி இருக்கிறது, இருக்கவும் வேண்டும். பெரியம்மாவின் இரண்டு ஒபரேஷனுக்கும் நாங்கள் ஒரு சதம் கட்டவில்லை. அந்த நன்றிதான் பல பேரைக் கேட்கவிடாமல் வாயைக் கட்டுகிறது என்றும் நினைக்கிறேன்.

உலக மருத்துவச் சங்கம் 1981 இல் லிஸ்பனில் வெளியிட்டு 1995 இல் திருத்திய நோயாளர் உரிமைப் பிரகடனம் வழியாக, தன் ஆவணத்தில் உள்ளதை அறியும் உரிமையை ஏற்றிருக்கிறது. இந்தியாவில் 2002 இன் மருத்துவ ஒழுக்க விதிகளின்படி நோயாளி கேட்டால் 72 மணித்தியாலத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். இங்கே நமக்கு இப்போதைக்குக் கையில் உள்ள நேரான ஆயுதம் தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தன்னைப் பற்றிய தரவைப் பெறும் உரிமையைப் பேசுகிறது, ஆனால் அதைப் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவரும் விதமாகவே அமைத்தார்கள், நாங்கள் அதை நம்பிப் போகவில்லை. தனியார் ஆஸ்பத்திரி என்றால் கதை வேறு. அவை 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவானவை, முறைப்பாட்டைத் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குறுத்தும் சபைக்கு அனுப்பலாம்.

கடைக்கு வருகிறவர்களுக்கு இப்போது நான் சொல்வது இதுதான். டிக்கட் வெட்டுகிற அன்றே கார்டின் இரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள், டிக்கட் இலக்கம் தெளிவாக விழ வேண்டும். கடைசி வரியை நர்ஸிடம் காட்டி, ஏதாவது ரிப்போர்ட் வரவேண்டி இருக்கிறதா, எந்தத் திகதியில், யாரிடம் வாங்குவது என்று கேளுங்கள். வார்டில் சேரும்போது அடையாள அட்டையைக் காட்டி அதில் உள்ளபடியே பெயரை எழுதச் சொல்லுங்கள். பிறகு ஆவணம் வேண்டுமென்றால் முதலில் கிளினிக்கில் வாயால் கேட்டுப் பாருங்கள், பல இடத்தில் நல்ல மனதோடு கொடுக்கிறார்கள். கொடுக்காவிட்டால் நோயாளியின் பெயரில், சம்மத வரியோடு விண்ணப்பம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தகவல் அலுவலர் யார், குறித்தளிக்கப்பட்ட அலுவலர் யார் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்படி எழுதி ஒட்டியிருக்கவும் வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள். 1987 இன் 13 ஆம் திருத்தத்தில் இருந்து தமிழும் அரச கரும மொழி. பதில் சிங்களத்தில் வந்தால் தமிழில் தரும்படி திருப்பிக் கேட்கலாம், நான் அந்த நேரம் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

போன மாதம் பெரியம்மா பக்கத்து லயத்து அக்கா ஒருவரைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். அந்த அக்கா ஈரம் பட்டு மூலை பிய்ந்த ஒரு கார்டை நீட்டினார். கர்ப்பப்பை எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. கடைசி வரியில் பயொப்சி ரிப்போர்ட் வரவேண்டும் என்று இருந்தது. விண்ணப்பத்தை அவர் பெயரிலேயே எழுதினேன், உயிர் சம்பந்தப்பட்டது என்பதை முதல் வரியாகப் போட்டேன். ஒப்பம் வைக்கிற இடத்தைப் பெரியம்மா விரலால் காட்டினார். திங்கட்கிழமை கொடுத்து சீட்டு வாங்கினோம். நாற்பத்தெட்டு மணித்தியாலம் ஒரு பதிலும் இல்லாமல் போய்விட்டது. பதினான்காவது வேலை நாள் வருகிற வெள்ளிக்கிழமை.